நான்காம் நாள் அரை மாத்திரை

கருமண் நனைந்துவிட்டால் அந்தச் சீமையில் எவரும் வண்டியை எடுப்பதில்லை. காயும்வரை காத்திருப்பார்கள். ஐரிஸ் கெல்லாவே தன் அறுபது ஆண்டுகளையும் அப்படித்தான் கழித்தவள். காத்திருக்க அறியாதவன் அவள் தம்பி டெஸ் ஒருவனே.

குவீன்ஸ்லாந்தின் மேற்கில், அவர்களுடைய மாட்டுப் பண்ணையின் பதினொரு துளைக்கிணறுகளும் டெஸ்ஸின் காவலில் இருந்தன. எந்தத் தொட்டியில் எத்தனை விரல் நீர் நிற்கிறது என்பது அவனுக்கு மனப்பாடம். ஆனால் இருபத்தாறாம் வயதில் அவனைப் பித்தெழுச்சி என்ற மனநோய் பற்றியது. ஏழு நாள் உறங்காமல், மேலும் செம்மையாகப் பூட்டப்போவதாகச் சொல்லி, நீரிறைக்கும் காற்றாலைகள் அனைத்தையும் கழற்றிப் போட்டான். அந்தக் கோடையில் அறுபது மாடுகள் தாகத்தால் மாண்டன.

லித்தியம் என்ற மருந்து பத்தாண்டுகள் அவனுக்கு அணையாக நின்றது, பிறகு உடைந்தது. வால்ப்ரோயேட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள், ஓலான்சபினுக்கு மாற்றினார்கள். நகரத்து மருத்துவமனையில் கொடுத்த மின்னதிர்வுச் சிகிச்சை ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் அமைதி தந்தது. கடைசியில் வந்தது க்ளோசபின். வெள்ளையணுக்களை அழிக்கவும் கூடிய மருந்தாதலால், மாதந்தோறும் குருதியைச் சோதித்த பின்னரே அடுத்த பொட்டலம் கிடைக்கும். எனினும் அதனால் இரண்டாண்டுகள் டெஸ் ஒவ்வோர் இரவும் உறங்கினான். அவனுக்காக ஐரிஸ் இறைவனிடம் கேட்டிருந்ததும் அவ்வளவே.

இம்முறை பொட்டலம் வரவேண்டிய வியாழனன்று மழை கொட்டியது. ஓடுதளம் சேறாகித் தபால் விமானம் திரும்பிப் போயிற்று. புதன் இரவோடு மாத்திரை தீர்ந்திருந்தது. ஞாயிறு பிற்பகலுக்குள் டெஸ்ஸின் பேச்சு கரைமீறிய புனலாயிற்று.

"காயட்டும் காயட்டும்னு உக்காந்திரு பாஸ்! பதினோரு காத்தாலையையும் மேட்டுக்கு மாத்தறேன், ஊரே ஷவர்ல குளிக்கும்."

"ஊர் எங்கடா இருக்கு? நானும் நாயுந்தான்."

"நாய்க்குத்தான் மொதல்ல. உனக்கு வரிசை அப்புறம்."

சிரித்தாளாயினும் வண்டிச் சாவியை அவள் மாவு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

மாலையில், ஓடுதளம் காய்ந்ததும், விமானம் இறங்கிப் பொட்டலத்தைத் தந்துவிட்டுப் பறந்தது. பண்ணையில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும், சரக்கு வந்ததும் முதலில் குறையை நிரப்புவதே வழக்கம். அவ்வழக்கப்படியே ஓர் இரவுக்குரிய நான்கும், விட்டுப்போனதில் ஓர் இரவுக்கு இன்னும் நான்குமாக, எட்டு மாத்திரைகளைத் தட்டில் வைத்தாள். பொட்டலம் வந்த சேதியைச் சொல்ல மருத்துவமனைத் தாதி லிகாயாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கடைசியா எப்போ போட்டாரு?"

"புதன் ராத்திரி."

"ஐயோ ஐரிஸ், எதுவும் குடுத்துடலயே? ரெண்டு நாள் தாண்டிட்டா உடம்புக்கு அந்த மருந்தோட பழக்கம் விட்டுப்போயிடும். பழைய அளவு போட்டா ரத்த அழுத்தம் விழுந்துடும், வலிப்பு வரும். ஆளே போயிடலாம். இருங்க, டாக்டரைக் கேக்கறேன்."

பொட்டலத்தில் இருந்த சிறிய, இருபத்தைந்து மில்லிகிராம் மாத்திரையில் பாதி. அங்கிருந்து நாள்தோறும் சிறிது சிறிதாக ஏற்றம். உறக்கத்துக்கு, அவசரத்துக்கெனப் பண்ணையில் வைத்திருந்த மருந்துப் பெட்டியிலிருந்து அவர் சொன்ன எண்ணிட்ட மாத்திரை ஒன்று. காலையில் பறக்கும் மருத்துவர் விமானத்தில் வந்து டெஸ்ஸை அழைத்துப்போவார். மருத்துவர் சொன்னது இவ்வளவே.

ஐரிஸ் திரும்பினாள். தட்டு டெஸ்ஸின் கையில் இருந்தது.

"கீழ வை டெஸ். இன்னிக்கு அரைதான்."

"அரையா? எலிக்கா வைக்கிற? நாலு நாள் காஞ்சு கெடக்கேன், எட்டும் ஒரே மடக்கு!"

பிடுங்கினால் விழுங்கிவிடுவான் என்பதை அவள் அறிவாள். நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்:

"போன வறட்சியில எட்டாங்கெணத்து மாடுங்க நாலு நாள் தண்ணியில்லாம வந்துச்சே, தொட்டியத் தொறந்து விட்டியா?"

டெஸ்ஸின் பேச்சு நின்றது. அன்று முழுவதும் அது நின்றது அப்போதுதான்.

"பைத்தியமா எனக்கு? மூக்க நனைக்க விட்டேன், வெரட்டுனேன், மறுபடி விட்டேன். வேலிய ஒடச்சுட்டு முட்டக் குடிச்சது மூணு. அங்கயே விழுந்து செத்துச்சு."

"நீ வேலிக்கு எந்தப் பக்கம்?"

அவன் தட்டோடு அவளருகே வந்தான். பிறகு எட்டையும் ஒவ்வொன்றாக அவள் உள்ளங்கையில் வைத்தான். அரை மாத்திரையை விழுங்கி ஒரு மிடறு நீர் குடித்தான். குவளையைத் தானே தள்ளி வைத்தான்.

"கெட்டிக்காரி பாஸ் நீ. சரி, அந்த மேட்டு விஷயத்துக்கு வருவோம்..."

அரை மாத்திரை அந்தப் புனலைத் தடுக்காது. பழைய அளவை எட்ட வாரங்கள் ஆகும். எட்டினாலும் மருந்து முன்போல் பிடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஐரிஸ் பெட்டியைத் திறந்து உறக்க மாத்திரையின் எண்ணைத் தேடினாள். ஓடுதளத்தின் மேற்கே மறுபடியும் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.