மாமாவுக்குக் காது மெஷின் வாங்கிய கதை

எங்கள் வீட்டில் எனக்குப் பெயர் ரேடியோ. வைத்தது என் நாத்தனார். முதலில் கோபம் வந்தது. "ரேடியோவையாவது அணைக்கலாம்" என்று என் கணவர் சொன்ன பிறகு, அந்தப் பெயரே கௌரவமாகத் தோன்றியது.

இந்த ரேடியோ எதிரே அலுக்காமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் என் மாமனார். பாதி வாழ்க்கையை நெசவு மில்லில் தறிகளுக்கு நடுவே கழித்தவர். அந்தச் சத்தத்தில் காது போய்விட்டது. மாமியார் போன பிறகு எங்களோடு வந்தார். காலையில் சவரம் செய்து, தன் போர்வையைத் தானே மடித்துவைத்துவிட்டு, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு வெங்காயம் உரித்துத் தருவார். வீட்டில் எல்லோரும் அவரிடம் கையால்தான் பேசுவார்கள். சாப்பாடு என்றால் வாய்க்கு நேராக விரல், குளியல் என்றால் தலைக்கு மேல் கை. அவரும் சிரித்துத் தலையாட்டுவார்.

கேட்காத காது கிடைத்தால் நான் சும்மா இருப்பேனா? கரண்டியை ஆட்டி ஆட்டி அவர் முகத்துக்கு நேராக எல்லாவற்றையும் கொட்டுவேன். "உங்க பையன்கிட்ட நாலு விஷயம் சொன்னா மூணு மறந்துடறார் மாமா. நீங்க வளர்த்தீங்களா, இல்ல தானா வளர்ந்தாரா?" என்பேன். "உங்க பொண்ணு வந்தா என் அலமாரியைத் திறந்து பார்க்காம போகமாட்டா" என்பேன். "நீங்க மட்டும் என்னவாம்? பல்செட்டை டம்ளர்ல போட்டு வைக்கறீங்க. ஒரு நாள் நான் அதைக் குடிச்சே தொலைக்கப் போறேன்" என்பேன். செவிடன் காதில் ஊதிய சங்குதானே என்று இன்னும் பலமாக ஊதுவேன்.

திடீரென்று என் கணவர், அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கப் போவதாகச் சொன்னார். நான் பேசுவதெல்லாம் இனி மாமா காதில் விழும். அப்புறம் என்னைப் பிடிக்குமா? பெற்ற அப்பாவைவிட அவரிடம்தான் எனக்கு ஒட்டுதல் அதிகம்.

"இந்த வயசுல அவருக்கு எதுக்குங்க தொந்தரவு?" என்றேன்.

"கூட்டிட்டுப் போறதே நீதான். எனக்கு லீவு இல்லை" என்றார்.

கடையில் மெஷின் பொருத்துகிற பெண், முதலில் மெஷின் இல்லாமலே, மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து மெல்லிய குரலில் பேசிப் பார்த்தாள்.

"கதவு."

"கதவு" என்றார் மாமா.

"வெளியே மழை வருது."

"வெளியே மழை வருது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு அவள் ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு அதே குரலில் பேசினாள். மாமா விழித்தார்.

"உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்கறாருங்க" என்றாள் என்னிடம். "மில்லுல இருந்தவங்க சில பேருக்கு இது பழக்கம். அந்தச் சத்தத்துல வேற எப்படிப் பேசிக்கறது?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் ஒரு தரம்தான் கெடும். நான் வருஷக்கணக்காக, கரண்டியும் கையுமாகக் கெட்டிருக்கிறேன். சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி போட இந்த வீட்டில் நாதியில்லை என்று ஒரு நாள் கத்தினேன். சாயங்காலமே கொக்கி மாட்டியிருந்தது. நான் போய் என் கணவருக்கு நன்றி சொன்னேன். அவரும் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

புது மெஷினோடு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் குனிந்துகொண்டே கேட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவியே" என்றார். "காது போனதும் எல்லாரும் கையைக் காட்ட ஆரம்பிச்சிட்டாங்கம்மா. சாப்பிடு, குளி, தூங்கு. பெத்த பிள்ளைங்களும் அவ்வளவுதான். நீ ஒருத்திதான் என்கிட்ட சண்டை போட்டே, நாட்டு நடப்பு சொன்னே. என்னை ஒரு மனுஷனா வச்சுப் பேசினே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதில் வராததைப் பார்த்து மாமா பயந்துவிட்டார். காதிலிருந்த மெஷினைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"இதனால நீ பேச மாட்டேன்னா, இப்பவே திருப்பிக் குடுத்துட்டு வந்துடலாம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெஷினை அவர் காதிலேயே மாட்டிவிட்டேன். பஸ் வரும்வரை அவருடைய பையனைப் பற்றிப் பேசினேன்.