எண்பது அடுக்குத் துணி

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பம்பரம். உட்கார வைத்தால் எழுந்துவிடுவாள், நிற்க வைத்தால் நடப்பாள். வருஷக்கணக்காகப் பட்டன் தைத்தவளை அன்றுதான் முதன்முறையாகத் துணி வெட்டும் மேசைக்கு மாற்றியிருந்தார் முதலாளி. "சொதப்பினா பழையபடி பட்டன்தான்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நானூற்றெண்பது சட்டை. ஓர் அடுக்குத் துணியில் ஆறு சட்டை வெட்டலாம். ஆறால் வகுத்தால் எண்பது அடுக்கு. காலையிலேயே அவள் கொழுந்தன் துணியை விரித்து அடுக்கியிருந்தான். எண்ணினாள், எண்பது. மெஷினைப் போட வேண்டியதுதான் பாக்கி. தையல்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவளோ மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அண்ணி, தரை தேஞ்சிடும். வெட்டுங்க."

"இரு தம்பி. இன்னொரு தரம் பார்த்துக்கறேன்."

மேசைக்கடியில் காலி அட்டைக் குழல்கள் கிடந்தன. ஏழே ஏழு. அப்படியே நின்றுவிட்டாள். ஒரு குழலில் எண்பது மீட்டர் துணி சுற்றியிருக்கும். ஓர் அடுக்குக்கு ஏழு மீட்டர். வகுத்தால் பதினொரு அடுக்கு, மிச்சம் மூன்று மீட்டர். ஏழு குழலுக்கும் பெருக்கினால் எழுபத்தேழு. மற்ற மூன்று அடுக்கு எங்கிருந்து முளைத்தது?

மிச்சம்! ஏழு துண்டு, மும்மூன்று மீட்டர்: இருபத்தொன்று. மூன்று அடுக்குக்கு வேண்டியதும் அதே இருபத்தொன்று.

"துண்டுத் துணியெல்லாம் எங்கே தம்பி?"

கொழுந்தன் கூரையைப் பார்த்தான். "வீணாப் போகுதேன்னு பக்கத்துல பக்கத்துல வச்சு விரிச்சுட்டேன். மீட்டர் கணக்கு சரியாத்தானே வருது?"

"கணக்கு சரிதான். முதுகு ரெண்டு துண்டா வந்தா அந்தச் சட்டையை யாரு போட்டுப்பா, நீயா?"

"ரெண்டு பேரா போட்டுக்கலாம்மா!" என்றார் ஒரு தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூவாறு பதினெட்டுச் சட்டை. வெட்டியிருந்தால் எத்தனை தேறியிருக்குமோ!

மேலே மூடியிருந்த ஓர் அடுக்கு நல்ல துணியைத் தூக்கினாள். அடியில் மூன்று அடுக்கும் துண்டு துண்டாய்க் கிடந்தன. உருவித் தரையில் வீசினாள். கொழுந்தன் புதுத் துணிச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். இருவருமாக மூன்று முழு அடுக்கு விரித்தார்கள்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். "இன்னுமா வெட்டல?"

"இப்பதாங்க எண்பது ஆச்சு."

அவர் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார், பிறகு அவளிடம் திரும்பினார். "சரி, வெட்டு. நாளைக்கு விரிக்கும்போதே நீயும் நில்லு."

மெஷின் உறுமியது.

"கோபமா அண்ணி?"

"கையை எடு தம்பி, பிளேடு வருது."