உள்பக்கத்து ஏகாம்பரம்

ஏகாம்பரம் அண்ணன் போய்ச் சேர்ந்த செய்தி பேப்பரில் வந்திருந்தது. அந்தப் பேப்பர் என் வீட்டுக்கும் வந்தது. நான் வழக்கம்போல டீ குடித்துக்கொண்டே முதல் பக்கத்தைப் படித்தேன், மடித்தேன், அடுக்கில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அவருடைய மனைவி சரோஜா அண்ணி மரக்காணத்திலிருந்து போன் செய்தார்.

"என்னாங்க கண்டக்டரே, வரவே இல்லியே? பேப்பர்ல போட்டோமே, பாக்கலியா?"

எதைப் போட்டீர்கள் என்று கேட்டேன். "நீங்கதான் பேப்பர் பைத்தியமாச்சே, எப்படியும் பாத்துடுவீங்கன்னுதான் போன் பண்ணல" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார். அடுக்கிலிருந்து அந்தப் பேப்பரை உருவினேன். உள்பக்கம், வலது மூலை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரம். கட்டம் போட்ட சட்டையில் அண்ணன் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

பழைய பேப்பர் சேர்க்கும் நம் வட்டத்தில் மொத்தம் பதினோரு பேர். ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டேன். ஒருவர்கூடப் பார்க்கவில்லை. நூறு வருஷத்துப் பேப்பரை மோப்பம் பிடித்துத் தேடுகிற நாம் அன்றைக்கு வாசலில் வந்து விழுந்த பேப்பரைப் புரட்டவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாரும் என்மேல் கோபப்பட வேண்டாம், நானே என்மேல் போதுமான அளவு கோபத்தில் இருக்கிறேன்.

அவரோடு அதிகம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஏகாம்பரம் அண்ணன் மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் ஓட்டியவர். பாத்திகளுக்கு உப்புத் தண்ணீர் இறைக்கிற மோட்டார். நான் இரும்பை ஊர்க்காரன், பாண்டிச்சேரி மரக்காணம் ரூட்டில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் என்னைக் கடைசி வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கண்டக்டரே, இல்லாவிட்டால் ஏம்பா. அவ்வளவுதான்.

நாங்கள் சந்தித்ததே ஒரு சண்டையில். பத்தொன்பது வருஷத்துக்கு முன்பு, பொம்மையார்பாளையத்தில் ஒரு பழைய பேப்பர் கடை. ஒரு கட்டைப் பிரித்தால் மஞ்சளாக ஒரு தாள். நாடு சுதந்திரம் அடைந்த அன்றைக்கு வந்த பேப்பர்! நம்மில் யார்தான் அதற்கு ஆசைப்படாதவர்? ஆனால் கையில் எடுத்துப் பார்த்தால் வெளித்தாள் மட்டும்தான் இருந்தது. ஒன்றாம் பக்கம், இரண்டாம் பக்கம், அப்புறம் நேராக ஏழு, எட்டு. முதல் பக்கத்துப் பெரிய செய்தி பாதியில் நின்று, "5-ம் பக்கம் பார்க்க" என்று முடிந்தது. ஐந்தாம் பக்கம் எங்கே என்று கடையையே தலைகீழாகப் புரட்டினேன். மூலையில் ஒருவர் உட்கார்ந்து எதையோ படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது உள்தாள்.

"இந்தா பாரு, நாடு கெடச்ச அன்னிக்கு ஒருத்தனுக்கு மாடு தொலைஞ்சிருக்குது" என்றார், ஏதோ பத்து வருஷம் பழகினவர் மாதிரி. ஐந்தாம் பக்கத்தின் அடியில் ஒரு சின்ன அறிவிப்பு. காணவில்லை, செவலைப் பசு, இடது கொம்பு உடைந்தது.

நான் சிரிக்கவில்லை. அந்தத் தாள் எனக்கு வேண்டும் என்றேன். நான்தானே மொதல்ல எடுத்தேன் என்றார். முதல் பக்கம் என்னிடம் இருக்கிறது, ஆகவே பேப்பர் என்னுடையது என்று நான் டிக்கெட் வாங்காத ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னேன். அப்போது அவர் சொன்னதைத்தான் நம் கூட்டங்களில் நீங்களும் பலமுறை கேட்டிருப்பீர்கள். "மொத பக்கம் மந்திரிங்களுக்குப்பா. உள்பக்கம்தான் நமக்கு."

அன்றைக்கு அவர் தாளை அவரும் என் தாளை நானும் எடுத்துக்கொண்டு ஒரே பஸ்ஸில் ஏறினோம். நான் இறங்கும்போது, "படிக்கணும்னா வா. தர மாட்டேன், படிச்சுக் காட்றேன்" என்றார்.

போனேன். மாதத்தின் முதல் ஞாயிறு என்று அதுவே வழக்கமாகிவிட்டது. நான் வெளித்தாளை ஓர் அட்டைக்குள் வைத்து எடுத்துப் போவேன். அவர் தகரப் பெட்டியிலிருந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிய உள்தாளை எடுப்பார். இரண்டையும் மேசைமேல் ஒன்றுக்குள் ஒன்றாக வைப்போம். நான் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பேன். "5-ம் பக்கம் பார்க்க" என்று நான் நிறுத்தியதும் அவர் ஆரம்பிப்பார். ஊர்வலம், கொடி, பள்ளிக்கூடத்தில் மிட்டாய் என்று படித்துக்கொண்டே போய், கடைசியில் மாட்டில் முடிப்பார். "அது கெடச்சுதா இல்லியான்னு தெரியலியேப்பா" என்று ஒவ்வொரு மாதமும் புதிதாகக் கவலைப்படுவார். எல்லாம் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். தரைக்காற்று வீசும்போதுதான் பெட்டியைத் திறப்பார். மதியத்துக்குமேல் கடல் காற்று கிளம்பினால் காகிதம் ஈரம் ஏறிப் பதத்துவிடும். "ம், சீக்கிரம் படி, காத்து திரும்புது" என்று விரட்டுவார். அப்புறம் அவர் தாள் பெட்டிக்குள், என் தாள் அட்டைக்குள். அண்ணி போடுகிற மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு நான் பஸ் ஏறுவேன்.

நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அவரிடமே ஒரு மூட்டை உப்பு வாங்கி வந்தேன். எதற்கு என்று கேட்டதற்குத் தென்னைக்கு என்று சொல்லிவைத்தேன். பேப்பர் பீரோவின் மேல்தட்டில் அதைப் பரப்பி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஐப்பசி மழை பிடித்தது. நாலாம் நாள் பீரோவைத் திறந்தால் உப்பு முழுக்கத் தண்ணீர் விட்டு, கீழே இருந்த கட்டுகளெல்லாம் சொதசொதவென்று நனைந்து கிடந்தன. வெளித்தாளும் அதில்தான் இருந்தது. உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

கொட்டுகிற மழையில் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார், கையில் ஒரு பை நிறையப் பழைய வேட்டி. நான் எதிர்பார்த்த மாதிரி சிரிக்கவில்லை. "அளத்துல இருக்கிறவன ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? உப்பு ஈரத்த இழுக்கும், இல்லேன்னு சொல்லல. இழுத்தத எங்க வெச்சுக்கும், சொல்லு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் என் வீட்டிலேயே தங்கி, ஒவ்வொரு தாளாகத் துணிக்கு நடுவில் வைத்து, துணியை மாற்றி மாற்றி, ஃபேனுக்கு அடியில் உலர்த்தினார். வெளித்தாளைத்தான் முதலில் காப்பாற்றினார். அது பிழைத்ததும், "இந்தா, உன் சுதந்திரம்" என்று என் கையில் கொடுத்தார். அந்த நேரத்தில் அந்தத் தாளை அவர் கேட்டிருந்தால் நான் மறுத்திருக்க முடியாது. அவர் கேட்கவில்லை. நானாகவாவது கொடுத்திருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

மனசு வராததோடு நிற்கவில்லை, வம்பும் செய்தேன். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாம் வைத்த கண்காட்சி ஞாபகம் இருக்கும். அந்தப் பேப்பரை முழுசாக வைக்கலாம் என்றீர்கள். பக்கத்தில் வைக்கிற விவர அட்டையில் யார் பெயர் முதலில் என்று வந்ததும் நான் குதித்தேன். முதல் பக்கத்துக்காரன் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவர் உள்தாளைத் துணியில் சுற்றிக்கொண்டு பேசாமல் பஸ் ஏறிவிட்டார். ஏழு மாதம் நான் மரக்காணம் பக்கமே போகவில்லை. எட்டாவது மாதம் அவர்தான் போன் செய்தார். "ஏம்பா கண்டக்டரே, அஞ்சாம் பக்கம் ஆளில்லாம காயுது. வர்றியா இல்லியா?" மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "அதெல்லாம் மொத பக்கத்து மேட்டரு, விடு" என்றார்.

அண்ணியின் போன் வந்த மறுநாள் காலை போனேன். மரக்காணம் என்றால் கை தானாக அந்த அட்டையை எடுத்துக்கொள்கிறது. பஸ்ஸில் பாதி தூரம் வந்த பிறகுதான் அதை மடியில் வைத்திருக்கிறேன் என்றே தெரிந்தது. இழவு வீட்டுக்கு இதை ஏன் தூக்கி வந்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அண்ணி உள்ளே போய் வேட்டித் துணி மூட்டையை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"எடுத்துக்கினு போங்க. இனிமே இது இங்க எதுக்கு?"

பத்தொன்பது வருஷம் ஆசைப்பட்ட தாள். அண்ணன் கொடுக்கச் சொன்னாரா என்று கேட்டேன்.

"எங்க! நானே ஒரு தரம் கேட்டேன், அந்த மனுஷன் இவ்ளோ ஆசப்படறாரே, குடுத்துடுங்களேன்னு. 'குடுத்துட்டா அவன் எதுக்குடி மரக்காணம் வரப்போறான்'னு கேட்டாரு."

அத்தனை வருஷமும் அவரைப் பிடிவாதக்காரர் என்று நம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவன் நான். ஒரு பேப்பருக்காக அவர் என்னோடு மல்லுக்கட்டுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

அட்டையைப் பிரித்தேன். வெளித்தாளுக்குள் உள்தாளை வைத்து, முதல் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன். "5-ம் பக்கம் பார்க்க" வந்ததும் நிறுத்தினேன். அப்புறம் அண்ணி ஆரம்பித்தார். தாளைப் பார்க்கவே இல்லை. அடுப்படியிலிருந்து கேட்டுக் கேட்டே அவருக்கு மனப்பாடம். ஊர்வலம், கொடி, மிட்டாய், செவலைப் பசு, இடது கொம்பு உடைந்தது. ஜன்னல் பக்கம் காற்று திரும்பியது.

"பெட்டிய மூடிடலாங்க, கடல் காத்து" என்றார்.

இரண்டு தாளையும் சேர்த்தே வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும் அண்ணி. மொத ஞாயித்துக்கிழம வர்றேன்" என்றேன்.

நண்பர்களே, அந்தப் பேப்பர் இப்போது மரக்காணத்தில் முழுசாக இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மதியத்துக்கு முன்னால் போங்கள். அடுத்த கண்காட்சியில் வைப்பதானால் விவர அட்டையில் அவர் பெயர் ஒன்று போதும்.

வெளித்தாள் இருந்த என் அட்டை காலியாக இல்லை. அன்றைக்கு நான் படிக்காமல் மடித்துப் போட்ட பேப்பரிலிருந்து ஒரு தாளை எடுத்து அதில் வைத்திருக்கிறேன். வாழ்நாள் முழுக்க முதல் பக்கங்களுக்காகவே பேப்பர் சேர்த்த நான், உள்பக்கத்துக்காக எடுத்துவைத்த ஒரே தாள் அதுதான். வலது மூலையில் கட்டம் போட்ட சட்டையில் அண்ணன் இருக்கிறார்.