நத்தையேரிக்கு ஒரு மோட்டார்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் வழியில் ரோட்டை விட்டு மேற்கே இறங்கினால் நத்தையேரிக் கண்மாய். கருத்தப்பாண்டிக்கு அங்கே இரண்டு வேலை. மீன் குத்தகை எடுத்தவர்களுக்குக் காவல் இருப்பது ஒன்று; அதற்குச் சம்பளம் உண்டு. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கண்மாயிலோ கிணற்றிலோ ஆள் முங்கிப் போனால் இறங்கி எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. அதற்குச் சம்பளம் கிடையாது, கொடுத்தாலும் வாங்க மாட்டார். புதுத் துண்டு ஒன்று கொடுத்தால் மட்டும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் கிளம்பிவிடுவார். சாவு விழுந்த துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாதே.

வத்திராயிருப்பு மலையடி ஓடையிலிருந்து ஆலங்குளம் பக்கத்துக் கல்கிடங்கு வரைக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேலே கொண்டுவந்ததும், "வா சாமி, வீட்டுக்குப் போவோம்" என்று காதோரம் சொல்லிவிட்டுத்தான் கரைக்குத் தூக்குவார். செத்தவன் காதில் என்ன விழும் என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. அவர்களில் ஒருத்தரும் தண்ணீரில் இறங்கியவர்கள் இல்லை.

அவர் மனைவி அழகுத்தாய்க்கு இதில் பெருமையும் உண்டு, ஆத்திரமும் உண்டு. வருகிற துண்டுகளை மடித்துத் தகரப்பெட்டியில் வைப்பாள். வீட்டில் யாரையும் அவற்றால் முகம் துடைக்க விடமாட்டாள்.

"எல்லாம் முடிஞ்ச பொறவுதான் ஒங்களத் தேடி வாராக. உசுரு கெடக்கும்போது ஒருத்தராச்சும் கூப்பிட்டாகளா?" என்பாள்.

அப்படி ஒரே ஒருவன் கூப்பிட்டான். போன வருசம் கார்த்திகையில் நடந்தது அது. கண்மாய் நிறைந்து மறுகால் போய்க்கொண்டிருந்தது. ராஜபாளையத்துக் காலேஜ் பையன்கள் மூன்று பேர் வந்து, மீன்காரர்கள் ஒதுக்கிப் போட்டிருந்த தெர்மாக்கோல் மிதவையில் ஏறி நடுக்கண்மாய்க்குப் போய்விட்டார்கள். அங்கே தண்ணீருக்கு அடியில் ஒரு கருவேலங்காடே கிடக்கிறது. கோடையில் வெட்ட வந்தவர்கள் விறகை எடுத்துக்கொண்டு அடிக்கட்டைகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மிதவை ஒரு கட்டையில் ஏறிப் பிளந்தது. நீச்சல் தெரிந்த இரண்டு பேர் கரையைப் பார்த்து நீந்தினார்கள். மூன்றாவது பையன் பெனின். வெட்டாமல் விட்ட மரம் ஒன்றின் உச்சிக்கிளை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டான்.

கருத்தப்பாண்டி அப்போது மடைப்பக்கம் இருந்தார். அலறல் கேட்டதும் பைபர் படகைத் தள்ளி, மூங்கில் கழையை ஊன்றிக்கொண்டு போனார். பாதி தூரம் போவதற்குள் பையன் அவரைப் பார்த்துக் கத்தினான். காற்று இந்தப் பக்கம் அடித்ததால் சொன்னதெல்லாம் தெளிவாகக் கேட்டது. என்ன சொன்னான் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, அழகுத்தாயிடம்கூட. அவர் போய்ச் சேர்ந்தபோது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. முங்கி எடுத்து வந்தார். அன்றைக்கு, "வா சாமி" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பையனின் அப்பா சாம்சன், சத்திரப்பட்டி ரோட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருப்பவர். கரையில் மகனை மடியில் போட்டுக்கொண்டு கேட்டார்: "ரொம்ப நேரம் கெடந்தானா பாண்டி?"

"இல்ல அண்ணாச்சி. சட்டுனு போயிட்டான். எந்தப் படகு வந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

பொய்தான். அந்த இடத்தில் அதைத் தவிர வேறு எதையும் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்த வீட்டுத் துண்டை மட்டும் அவர் வாங்கவில்லை.

வருசம் திரும்பியது. சர்ச்சில் மகனுக்கு நினைவு ஆராதனை முடிந்த மறுநாள் சாம்சன் கண்மாய்க்கரைக்கு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஒன் படகுக்கு மோட்டார் வாங்கித் தாரேன் பாண்டி. இனி ஒரு பிள்ளை இதுல போகக் கூடாது. எது நல்லதுன்னு ஓட்டிப் பாத்து நீயே சொல்லு" என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி, "அவன் கொஞ்ச நேரம் கிளையப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தான்னு கூட வந்த பயலுக சொன்னானுக. அன்னைக்கு மோட்டார் இருந்திருந்தா எட்டியிருப்பியா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு அண்ணாச்சி?" என்று கருத்தப்பாண்டி பேச்சை மாற்றினார்.

மாற்றினாரே ஒழிய, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நல்ல மோட்டாராகப் பார்த்து வாங்கினால், அது போய்ச் சேருகிற நேரமே சாம்சனுக்குப் பதில் சொல்லிவிடும். பெற்ற மனசு அதைத் தாங்குமா? ஒன்றுக்கும் உதவாததாக வாங்கி வைத்தாலோ, அடுத்து முங்கப்போகிற பிள்ளைக்குச் செய்கிற துரோகம். அழகுத்தாயிடம் சொன்னார்.

"நல்லதா வாங்குங்க. பொய்யத் தாங்கிக்கிட்டு எம்புட்டு நாளைக்கு இருப்பீக?" என்றாள் அவள்.

தூத்துக்குடியிலிருந்து எட்வின் என்ற மோட்டார் வியாபாரி குட்டியானை வண்டியில் சரக்கோடு வந்து இறங்கினான். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன், வாய் ஓயாது. அவன் சொல்லச் சொல்ல நத்தையேரி அலையடிக்கும்போல இருந்தது.

"இது இருபத்தஞ்சு குதிரை அண்ணே. பட்டனத் தட்டுனாப் போதும், பறந்துரும். எங்க பக்கம் இதுக்குத்தான் அடிபிடி."

பறக்கத்தான் செய்தது. ஆனால் அந்தச் சின்னப் படகுக்கு அது குருவி தலையில் பனங்காய். பின்பக்கம் அமுங்கி, முன்பக்கம் வானத்தைப் பார்க்க, அது மடையிலிருந்து கிளம்பிய வேகத்தைக் கண்டு கரையில் நின்ற சாம்சன் இரண்டடி முன்னால் வந்துவிட்டார். கட்டை கிடக்கிற இடம் வந்ததும் அடியில் மடார் என்று ஒரு சத்தம். மோட்டார் துள்ளி எழுந்து விழுந்தது. விசிறியில் ஓர் இறக்கை போயே போய்விட்டது. பறந்து போன படகைக் கருத்தப்பாண்டி கழை ஊன்றித்தான் திரும்பக் கொண்டுவந்தார். எட்வின் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு, உடைந்த விசிறியைக் கழற்றினான்.

அடுத்ததை ஓட்டியபோது கருத்தப்பாண்டிக்குச் சந்தோசம் மனசு கொள்ளவில்லை. புகை கிடையாது, பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டிய வேலை கிடையாது. ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவு அமைதி. அடிச்சேறு கலங்காமல் அங்குலம் அங்குலமாகவும் போனது. தேடுகிற வேலைக்கு இதைவிட என்ன வேண்டும்? கரையில் நின்று அழுகிறவர்கள் காதில் மோட்டார் இரைச்சலும் சேர்ந்து விழாது. செத்துப்போனவர்களைத் தேட மட்டும் என்றால் அதையே கட்டிப் பிடித்திருப்பார். ஆனால் ஆகாயத்தாமரைக்குள் நுழைந்ததும் அதற்கு மூச்சு முட்டியது. சூடு தணிக்கத் தண்ணீர் உறிஞ்சுகிற ஓட்டையைப் பாசி அடைத்து, சூடேறி, கீ கீ என்று கத்திவிட்டு நின்றது. வழித்துவிட்டுக் கிளப்பினார். கொஞ்சதூரம் போய் மறுபடியும் நின்றது.

"ஏலே எட்வினு, வண்டியில மூலையில கெடக்கே, அது என்ன?"

"அது பழசுண்ணே. எட்டுக் குதிரை. புதுசுக்கு மாத்திக்கக் குடுத்தாங்க, போட்டு வச்சிருக்கேன். அது ஒங்களுக்கு எதுக்கு?"

"எறக்கு, பாப்போம்."

பெயின்ட் உரிந்து, எந்த ஊர்ச் சரக்கு என்றே தெரியாமல் இருந்தது. கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுத்த பிறகு, இருமிக்கொண்டு கிளம்பியது. ஊரையே கூட்டுகிற சத்தம், கண்ணைக் கரிக்கிற புகை. ஆனால் ஆகாயத்தாமரையை வெட்டிக்கொண்டு நிற்காமல் போனது. முதல் கட்டையில் தட்டியதும் மோட்டார் வீறிட்டது, படகு நகரவில்லை. விசிறியைக் காப்பாற்ற உள்ளே ஆணி மாதிரி ஒரு சின்னப் பின் தானாக உடைந்துகொள்ளும் என்று எட்வின் கரையிலிருந்து கத்தினான். மூடிக்குள் செருகியிருந்த மாற்றுப் பின்னை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் கிளம்பினார். அதற்குள் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. எடை குறைந்த மோட்டார் என்பதால், கைப்பிடியைக் கீழே அழுத்தினால் விசிறி மேலே எழும்பும். கட்டை வருகிற நேரத்தில் ஓர் அழுத்து, தாண்டியதும் விட்டுவிட வேண்டியது. மாட்டுக்காலைத் தூக்கிச் சகதி தாண்ட வைக்கிற மாதிரிதான். ஓட்டி முடித்துக் கரையேறும்போதே அவருக்கு முடிவாகிவிட்டது.

"இதுதான்" என்றார். "இதே மாதிரி புதுசு இருந்தா குடு. இல்லாட்டி இதையே பழுது பாத்துக் குடு."

"மொதல்ல பாத்ததுதான வேகம் பாண்டி?" என்று கேட்டார் சாம்சன்.

"வேகமாப் போறது வேற அண்ணாச்சி, போய்ச் சேருறது வேற."

சாம்சன் செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார்.

"என்னைய அந்த மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போ. அன்னைக்கு நீ கெளம்புன மாதிரியே மடையில இருந்து கெளம்பு."

எதற்காகப் பயந்தாரோ அது வந்து எதிரே நின்றது. கருத்தப்பாண்டி மறுக்கவில்லை. சாம்சனை முன்பக்கம் உட்காரவைத்துக் கிளப்பினார். ஆனால் கைப்பிடியைப் பாதிக்கு மேல் முறுக்கவில்லை. படகு சாவகாசமாகப் போனது. இந்தப் போக்கில் போனால் அன்றைக்கும் எட்டியிருக்காது என்று நினைத்து மனுசன் ஆறிப்போவார் என்று கணக்குப் போட்டார்.

தறிக்கூடமே இரைந்துகொண்டிருக்கும்போது, ஒரு தறி மட்டும் சுணங்கி இழைவதைத் தனியாகக் கேட்டு எழுந்து போகிறவர் சாம்சன். அவரிடம் போய் இந்த வித்தை. திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"வேகத்த அமுக்கிப் பிடிச்சிருக்க பாண்டி. மடைக்குத் திருப்பு. மறுபடியும் கெளம்பு."

"அண்ணாச்சி, வேண்டாம்..."

"எனக்கு எரக்கப்படாதப்பா. தெரியாம இருக்குறதுதான் வருசம் பூரா என்னைய அரிக்கி."

மடைக்குத் திருப்பினார். இந்தத் தடவை முழுசாக முறுக்கினார். தண்ணீர் இரண்டு பக்கமும் பிளந்தது, ஆகாயத்தாமரை சிதறியது. கட்டை வர வர அழுத்தியும் விட்டும், வளையாமல் நெளியாமல் ஒரே நேராக மரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மோட்டாரை அணைத்ததும் கண்மாய் முழுக்க அமைதியாகிவிட்டது.

சாம்சன் கையை நீட்டி அந்த உச்சிக்கிளையைப் பிடித்தார். முள் ஏறியது. கையை எடுக்கவில்லை.

"வந்திருப்ப" என்றார்.

"வந்திருப்பேன் அண்ணாச்சி."

சாம்சன் அழுதார். சத்தம் வரவில்லை, முதுகு மட்டும் குலுங்கியது. கருத்தப்பாண்டி எத்தனையோ பேரைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார், இந்தப் பையனுடைய பேச்சை மட்டும் தனக்குள்ளேயே அமுக்கி வைத்திருந்தார். அதையும் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போது தோன்றியது.

"அன்னைக்கு அவன் என்னையப் பாத்துக் கத்துனான் அண்ணாச்சி. காப்பாத்துங்கன்னு கத்தல. 'அண்ணே, நேரா வராதீங்க, அடியில கட்டை கெடக்கு, படகு கிழிஞ்சிரும், சுத்தி வாங்க'ன்னான். நான் அவன் சொன்னபடி சுத்துனேன். சுத்தி வர்றதுக்குள்ள..." மோட்டாரின் மேல் கையை வைத்தார். "அதான் கட்டையத் தாண்டுற மோட்டாரா பாத்தேன்."

சாம்சன் கிளையை விட்டார். உள்ளங்கையில் ரத்தம் பொடித்திருந்தது.

"அப்பிடித்தான் சொல்லுவான். பைக்குல பின்னால ஒக்காந்துக்கிட்டு, 'பள்ளம்ப்பா, சுத்திப் போங்க, பள்ளம்ப்பா'ன்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வருவான். எனக்குச் சள்ளையா இருக்கும். 'சும்மா வாலே, எனக்குத் தெரியும்'னு வைவேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் மகன் பின்னால் உட்கார்ந்திருப்பதுபோல ஓர் இளக்கம் வந்தது. கருத்தப்பாண்டி தோளில் கிடந்த தன் பழைய துண்டை எடுத்துக் கொடுத்தார். சாம்சன் அதைக் கையில் சுற்றிக் கட்டிக்கொண்டார்.

கயிற்றை இழுத்துக் கிளப்பி, கரையைப் பார்த்துத் திரும்பினார்கள். சாம்சன் முன்பக்கம் குனிந்து தண்ணீருக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டே வந்தார். மோட்டார் இரைச்சலுக்கு மேலே திடீரென்று கையைத் தூக்கிக் கத்தினார்.

"பாண்டி, முன்னால கட்டை கெடக்கு. பாத்து, சுத்திப் போ!"

அந்தக் கட்டையைத் தாண்டுவதற்கென்றே பார்த்து எடுத்த மோட்டார்தான் அது. கருத்தப்பாண்டி, "சரி அண்ணாச்சி" என்று சொல்லிக் கைப்பிடியைத் திருப்பி, சுற்றிப் போனார்.