எஸ்தர் மேடத்தின் காந்த அறை

வேலூர் லாங் பஜாரில் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது எஸ்தர் மேடத்தின் தம்பி போன் செய்தார். "அக்கா போய்ட்டாங்க சார்." போனை வைத்துவிட்டார். தாழ்ப்பாளே மேடத்துக்காகத்தான். கல்லூரியில் அவருடைய காந்த அறைக்கு இரும்பு ஆகாது, கதவில் இருந்த இரும்புத் தாழ்ப்பாளை மாற்றுங்கள் என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். "வேணுமா வேணாமா சார்?" என்றார் கடைக்காரர். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வாணியம்பாடியில் எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறையில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த அறையைத் தெரியும். உடைந்த பெஞ்சுகள் கிடந்த இடத்தை முதல்வரிடம் சண்டை போட்டு வாங்கினார். நடுவில் ஒரு சின்னக் காந்தத்தைப் பட்டுநூலில் தொங்கவிட்டு, நூலை முறுக்கி, அதைக் கிழக்கு மேற்காக நிறுத்தினார். பூமியின் காந்தபலம் கூடினாலும் குறைந்தாலும் அது லேசாகத் திரும்பும். அதில் ஒட்டிய கண்ணாடித்துண்டு, தன்மேல் படும் லேசர் ஒளியைத் திருப்பிச் சுவரில் ஒரு சிவப்புப் புள்ளியை நகர்த்தும். அந்தப் புள்ளியை ஒரு கேமரா பார்த்துக்கொண்டிருக்க, கணினி அதைக் கோடாக வரையும்.

துருவத்துப் பக்கம் இரவு வானத்தில் பச்சை ஒளி திரைபோல ஆடுமே, அதன் சுவடு வாணியம்பாடியில் தெரியுமா என்று பார்த்துவிட வேண்டும். அதுதான் அவருடைய ஆசை. "இங்க கரண்ட் போனா மட்டும்தான் மேடம் தெரியும்" என்று கிண்டல் செய்வேன். அசர மாட்டார். அவருடைய அப்பா ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர். வகுப்பில் உதாரணமும் அங்கிருந்துதான் வரும். "தோல சட்டத்துல இழுத்து கிளிப்பு போட்டு மாட்டியிருப்பாங்க, பாத்திருக்கீங்களா? சூரியன்லேர்ந்து வர்ற காத்து, பூமியோட காந்தப்புலத்த ராத்திரிப் பக்கமா அப்பிடித்தான் இழுத்துக்கினே போவும். ஒரு கட்டத்துல கிளிப்பு கழண்டுக்கும். இழுத்ததெல்லாம் சுருக்குனு திரும்பி வரும். அப்பதான் அங்க வானமே பத்திக்கும்." அந்த நேரத்தில் துருவத்துக்கு அருகே காந்தபலம் மளமளவென்று சரியும். நம் பக்கமோ ஒரு மயிரிழை ஏறி, கொஞ்ச நேரம் இருந்து, இறங்கும். அந்த மயிரிழைக்காகத்தான் வருடக்கணக்கில் காத்திருந்தார்.

ஒரு நாள் காலை வந்து பார்த்தால் கோடு அழகாக ஏறி இறங்கியிருந்தது. மேடம் துறை முழுக்க மக்கன் பேடா கொடுத்தார். மதியம் இணையத்தில் நார்வே நிலையத்தின் பதிவைத் திறந்தால், அங்கே அந்த நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. மேடம் மெதுவாக என் காலைப் பார்த்தார்.

"நேத்து இருட்டினப்புறம் உள்ள நின்னு போன் பேசினீங்களா சார்?"

"ஆமா மேடம். மச்சான் போன் பண்ணாரு."

"ஷூவக் கழட்டுங்க. அடியில ஷாங்க்னு ஒரு இரும்புப் பட்டை இருக்கும். எங்கம்மா ஷூ கம்பெனியில அத்த வெச்சு ஒட்டித்தான் என்னையே படிக்க வெச்சாங்க. எனக்கே தோணல பாருங்க!"

ஷூவோடு உள்ளே போனேன், புள்ளி நகர்ந்தது. வெறுங்காலோடு போனேன், அசையவில்லை. "பேடாவத் திருப்பிக் குடுங்க சார்" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து எல்லோரும் வாசலிலேயே கழற்றிவிட்டோம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் உள்ளே சாமி படம் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். "சந்தேகப்படறதுக்குத்தான் சார் நமக்கு சம்பளம்" என்பார் மேடம்.

வேலூரில் மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது புற்றுநோய் அவரைப் பாதியாக்கியிருந்தது. "கோடு எப்பிடி சார் இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். கோடு நேராகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "நேத்து லேசா ஏறுன மாதிரி இருக்கு மேடம்" என்றேன். கண்ணை மூடியபடியே கேட்டார்: "ஷூவ எங்க வுட்டீங்க?"

பொய்யைப் பிடித்துவிட்டார். "வராதத வந்துச்சுன்னு சொல்லாதீங்க சார். நெஜமா வந்தா வந்து சொல்லுங்க" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் இறந்த அன்று இரவின் பதிவையும் பார்த்தேன். ஒரு நெளிவுகூட இல்லை. பூமியின்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

ஆம்பூரில் அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து, ஒரு காலையில் அறையைத் திறந்தேன். இரவில் கோடு மெல்ல ஏறி, நின்று, இறங்கியிருந்தது. சந்தோஷப்படவில்லை. முதலில் சந்தேகம்தான் வந்தது. அது அவர் பழக்கிய பழக்கம். கதவு இரவு முழுக்கப் பூட்டித்தான் இருந்தது. வாட்ச்மேனைக் கேட்டேன், யாரும் அந்தப் பக்கம் போகவில்லை என்றார். நார்வே பதிவைத் திறந்தேன். இங்கே ஏறிய அதே நேரத்தில் அங்கே கிணற்றில் விழுந்ததுபோலச் சரிந்திருந்தது.

மேடத்தை அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அவருடைய புத்தகங்கள் நூலகத்துக்குப் போய்விட்டன. என்னிடம் தங்கியிருப்பது அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான். அன்று காலை அதைக் கேட்க அறையில் ஆள் இல்லை. கதவில் மாட்டியிருந்த பித்தளைத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்று, கேட்காமலே பதில் சொன்னேன்.

"வந்துச்சு மேடம். ஷூவ வெளியதான் வுட்டேன்."