டார்ச் அக்காவைக் கடித்த பூச்சி

பட்டப்பகலில் டார்ச் லைட்டோடு நடக்கிற பெண்பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? அந்தத் தீவில் ஒருத்தி இருக்கிறாள். கடலோர விடுதி ஒன்றில் துணி துவைக்கிற வேலை. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துவாலையும் அவள் கையில் துவைந்து, காய்ந்து, இஸ்திரி கண்டுதான் அறைகளுக்குப் போகும். இடுப்பில் எப்போதும் ஒரு டார்ச். அலமாரிக்கு அடியில் அடிப்பாள், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் அடிப்பாள், செருப்புக்குள்ளேகூட அடித்துப் பார்த்துவிட்டுத்தான் காலை விடுவாள். வயதில் மூத்த மேனேஜரே அவளை டார்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

காரணம் பாம்பு. வேறென்ன? வருஷம் முழுக்க வெயிலும் மழையும் மாறி மாறி வருகிற தீவு. புல் முளைக்கிற இடமெல்லாம் எலி, எலி இருக்கிற இடமெல்லாம் பாம்பு. கூரைக்குள் சாரை ஓடும். மீன் வலையில் வரிவரியாகக் கடல்பாம்பு மாட்டும். பெருமழை பெய்தால் சாக்கடையில் மலைப்பாம்பு வந்து, யார் வீட்டுக் கோழியையோ விழுங்கிவிட்டு நகர முடியாமல் கிடக்கும். மற்றவர்கள் பழகிவிட்டார்கள். டார்ச் அக்கா பழகவில்லை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்கிறார்கள். படைக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒரு நியாயமா?

அதற்காக மூலையில் உட்கார்ந்து நடுங்குகிற ஆள் இல்லை அவள். துணி காயப்போடும் இடத்தில் புல்லை ஒட்ட வெட்டவைத்தாள். எலி வரக் கூடாது, மிச்சம் மீதியை மூடிவை என்று சமையற்காரரோடு சண்டை போட்டாள். சுவரோரம் குவிந்து கிடந்த உடைந்த ஓடுகளையும் பழைய பலகைகளையும், மேனேஜரை நச்சரித்தே அள்ளவைத்தாள். நடக்கும்போது காலைத் தரையில் ஓங்கி ஓங்கி வைப்பாள். அதிர்வு தெரிந்தால் அது விலகிப் போய்விடுமாம். "பட்டாளம் வருது, வழி விடுங்கப்பா" என்று சமையற்காரர் கிண்டலடிப்பார்.

அது என்றால் எது? விஷயமே அங்கேதான் இருக்கிறது. டார்ச் அக்காவின் வாயில் பாம்பு என்ற சொல் வரவே வராது. "பேரைச் சொன்னா வந்து நிக்கும்" என்று அவள் அம்மா சின்ன வயதிலேயே வாயில் அடித்துப் பழக்கிவிட்டாள். பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும். சாரை பெரிய பூச்சி. கடல்பாம்பு தண்ணிப் பூச்சி. கோழியை விழுங்கியது, ஐயோ, அந்தப் பூச்சி. கொசுவும் பூச்சிதான், கரப்பானும் பூச்சிதான், கொடியிலிருந்து அறுந்து விழுந்த கயிற்றுத் துண்டும் அவள் அலறிய அலறலில் பூச்சிதான். எதிர்ச்சாரியில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருக்கிற அவள் கணவருக்கு, கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது. ஆரம்பத்தில் தடியோடு ஓடிவருவார். பிறகு வெறுங்கையோடு நடந்து வந்தார். கடைசியில், இருந்த இடத்திலிருந்தே "அது போயிடும்மா" என்று குரல் கொடுப்பதோடு சரி.

அன்றைக்கு மத்தியானம் திடீரென்று வானம் இருட்டியது. கொடி நிறைய விரிப்புகள். இடம் போதாமல் தலையணை உறைகளை வேலிச் செடியின் மேல் விரித்திருந்தாள். முதல் துளி விழுந்ததும் ஓடினாள். ஓடும்போதும் தரையைப் பார்த்தாள், காலை ஓங்கி வைத்தாள், எல்லாம் முறைப்படிதான். ஆனால் அவள் கற்று வைத்திருந்த எச்சரிக்கை அத்தனையும் காலுக்கு. கைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பார்க்காமலேயே ஓர் உறையை உருவினாள். வலது கைப் பெருவிரலுக்குக் கீழே சுருக்கென்றது.

முள் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு பார்த்தாள். இலைகளுக்கு நடுவில் பச்சையாக அது சுருண்டு கிடந்தது. ஓடவுமில்லை, சீறவுமில்லை. வால் நுனி மட்டும் துரு நிறம். டார்ச் அக்கா அப்படியே பின்னால் நகர்ந்தாள். கேட்டைத் தாண்டித் தெருவைத் தாண்டிக் கணவரின் பட்டறைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

அவர் ஒரு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து, அடியில் கையை விட்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, பூச்சி கடிச்சிடுச்சு."

"என்ன பூச்சி?"

"பச்சைப் பூச்சி."

"வெட்டுக்கிளியா? அது எங்கேம்மா கடிக்கும்?"

"ஐயோ, பூச்சிங்க! பூச்சி!"

தலையை மட்டும் திருப்பி அவள் கையைப் பார்த்தார். இரண்டு புள்ளி. அதில் ஒன்று சரியாகத் தெரியவுமில்லை. "குளவி கொட்டியிருக்கு. சுண்ணாம்பு தடவு. மனசு கேக்கலைன்னா ஆஸ்பத்திரியில போய் ஒரு ஊசி போட்டுக்க. இதை மாட்டிட்டு நானும் வந்துடறேன்" என்றார். மறுபடி திருகாணிக்குத் திரும்பிவிட்டார்.

சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? மூன்றே எழுத்து. ஆனால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சொன்னால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம். சொல்லாமலே இருந்தால் அது குளவியாகவே இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை. கை எரிய ஆரம்பித்திருந்தது. வாய் பேசாவிட்டாலும் புத்தி வேலை செய்தது. கையை நெஞ்சோடு அணைத்து, ஆட்டாமல் அசைக்காமல், முனையில் நின்ற ஆட்டோவில் ஏறினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போப்பா. பூச்சி கடிச்சிடுச்சு."

"என்னக்கா, பூச்சிக்கடிக்கெல்லாமா ஆஸ்பத்திரி? என் மாமியாருக்குத் தேள் கொட்டிச்சு, தேள்தான் செத்துப்போச்சு" என்று ஆட்டோக்காரர் தானே சிரித்துக்கொண்டார். வழியில் கையைக் காட்டிய ஓர் ஆளை ஏற்றிக்கொண்டார். அந்த ஆளோ மூட்டையை ஏற்றினார், சில்லறைக்குத் தேடினார், இறங்கும் இடம் தாண்டிவிட்டது என்று தகராறு செய்தார். டார்ச் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விரல்கள் ஐந்தும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கை உப்பிவிட்டது.

ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு நர்ஸ்.

"என்னம்மா?"

"பூச்சி கடிச்சிடுச்சு, சிஸ்டர்."

"டோக்கன் எடுத்துக்கிட்டு உட்காருங்க. முன்னாடி ஆளுங்க இருக்காங்க."

டோக்கனை எடுத்தாள். உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு பெண் பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வரிசையோ நகர்வதாக இல்லை. வீக்கம் மணிக்கட்டைத் தாண்டி ஏறிவிட்டது. வாயில் உப்புக் கரித்தது. புறங்கையால் துடைத்தாள், ஈறிலிருந்து ரத்தம். அப்போதுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. கணவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, ஆட்டோக்காரரையும் திட்டிப் பயனில்லை. பூச்சி என்றால் எல்லாரும் பூச்சிக்கு என்ன செய்வார்களோ அதைத்தானே செய்கிறார்கள்? இப்படியே மரியாதையாக உட்கார்ந்திருந்தால், மரியாதையாகவே செத்துப்போக வேண்டியதுதான்.

எழுந்து நின்றாள்.

"பாம்பு!" என்று கத்தினாள். "பாம்பு! என்னைப் பாம்பு கடிச்சிடுச்சு! பாம்பு!"

அம்மா சொன்னது பொய்யே இல்லை. பேரைச் சொன்னதும் வந்து நின்றார்கள். நர்ஸ் மேஜையைத் தாண்டி ஓடிவந்தார். ஸ்ட்ரெச்சர் வந்தது. டாக்டர், வேறொரு நோயாளியின் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். இருமிக்கொண்டிருந்தவர் இருமலை மறந்து, தோளில் கிடந்த துண்டால் அவள் கையை இறுக்கிக் கட்ட வந்தார். பல்வலிப் பெண், பிளேடால் கீறி விஷத்தை உறிஞ்ச வேண்டும் என்று யோசனை சொன்னாள். "கட்டவும் வேணாம், வெட்டவும் வேணாம்! தள்ளி நில்லுங்க!" என்று நர்ஸ் போட்ட சத்தத்தில் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சோப்புத் தண்ணீர் போட்டு மோதிரத்தைக் கழற்றினார். வளையல்கள் கழற்ற வராமல் வெட்டுப்பட்டுக் கீழே விழுந்தன.

"பாம்பைப் பார்த்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"பச்சை."

"தலை எப்படி? ஒல்லியா, கூர்மையா இருந்துச்சா?"

"இல்லை டாக்டர். இஸ்திரிப் பெட்டி மாதிரி."

டாக்டருக்கு அதுவே போதுமாக இருந்தது. பச்சை விரியன். செடியில், கை எட்டுகிற உயரத்தில் சுருண்டுகொள்கிற வகை. ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லி மேஜையில் நிற்கவைத்தார்.

இதற்குள், வாசலிலேயே அடுத்த சவாரிக்குக் காத்திருந்த ஆட்டோக்காரர், கூச்சலைக் கேட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு பறந்து போய்ப் பட்டறையில் சொல்லியிருக்கிறார். கணவர் கையில் கிரீஸும் ஒரு காலில் செருப்புமாக வந்து நின்றார். மனைவியைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். சரியாக அந்த நேரம் டாக்டர் குழாயை எடுத்துச் சாய்த்தார். ரத்தம் தண்ணீராக வழிந்து ஓடியது.

கணவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆயுசு பூராவும் எண்ணெயோடு புழங்குகிற மனிதர். ஓடினால் நல்லது, கெட்டியானால் இன்ஜின் போச்சு, அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"நல்லா ஓடுது டாக்டர்! அடைப்பே இல்லை!" என்றார். மனைவி பக்கம் குனிந்து, "ஒண்ணும் பயப்படாதே. ரத்தம் ஜோரா ஓடுது. நானே பார்த்தேன்" என்றார்.

டாக்டர் முகம் இறுகக் குழாயைக் கீழே வைத்தார். அவருக்கு நேரமில்லை. விஷமுறிவு மருந்தை உடனே ஏற்றச் சொன்னார். நர்ஸ் பாட்டிலை மாட்டினார். டார்ச் அக்கா கணவரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெளியே மழை கொட்டித் தீர்த்து ஓய்ந்தது. கணவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார். வேலியை நாளைக்கே வெட்டிவிடலாம் என்றார். இனி துணி எடுக்கும்போது நீளக் கம்பால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எடு என்றார். "குளவின்னு சொன்னேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்" என்றார். அதற்கும் டார்ச் அக்கா சிரித்தாள். "ஒரு செருப்புதானே போட்டிருக்கீங்க" என்றாள். அவருக்கு அதைக் கேட்டதும் பாதி உயிர் வந்தது.

விளக்கு போடுகிற நேரத்தில் டாக்டர் மறுபடியும் ரத்தம் எடுத்துக் குழாயில் நிற்கவைத்தார். பிறகு வந்து சாய்த்தார். ரத்தம் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். தலைகீழாகவே கவிழ்த்தார். குழாயின் அடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ஐயையோ!" என்று கணவர் எழுந்துவிட்டார். ஸ்டூல் உருண்டது. "நின்னுபோச்சே டாக்டர்! மத்தியானம் எவ்வளவு நல்லா ஓடிச்சு! ஏதாவது செய்யுங்க டாக்டர், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்!"

டாக்டர் முதலில் முழித்தார். விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் குழாயை நர்ஸ் கையில் கொடுத்துவிட்டார்.

"நிக்கணும்யா! அதுதான் நல்லது. ரத்தம் உறையாம இருந்தா உள்ளேயே கசிஞ்சு ஆளைக் கொண்டுபோயிடும். இப்ப உறைஞ்சிடுச்சு, மருந்து வேலை செஞ்சிடுச்சு. வீக்கம் வடிய நாளாகும், ரெண்டு நாள் இங்கேயே வச்சுப் பார்க்கணும். ஆனா கண்டம் தாண்டியாச்சு. உங்க வீட்டுக்காரம்மா பிழைச்சிட்டாங்க."

வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது அவருக்கு. அது ஒரு கணம்தான். அடுத்த கணம் முகம் மாறிவிட்டது.

"அப்ப மத்தியானம் ஓடிச்சே, அப்ப?"

"அப்பதான் நானே பயந்தேன்" என்றார் டாக்டர்.

கணவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதார். டார்ச் அக்கா நல்ல கையை நீட்டி அவர் தலையில் வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று விம்மலுக்கு நடுவில் கேட்டார்.

"தெரியும். டாக்டர் மூஞ்சியைப் பார்த்தேன்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ரெண்டு பேரும் பயந்துக்கிட்டு என்ன செய்யறது?" என்றாள் டார்ச் அக்கா. "நீங்க ஒருத்தராவது சந்தோஷமா இருங்களேன்னு விட்டுட்டேன்."