அண்ணன் கட்டிய விண்கப்பல்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும் வேலையை அண்ணன் மனைவி, எங்கள் மைனி, என்னிடம் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவன் நான். தயங்கினேன். "நீங்க எழுதுனாத்தான் அவுக சிரிப்பாக, தம்பி" என்றார்கள். ஆகவே எழுதுகிறேன்.

அண்ணன் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, ஆறு வயதில் பெற்றோருடன் தாராவிக்கு வந்தவர். அப்பா மூட்டை தூக்கி எங்களை வளர்த்தார். அவர் இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தார். மறு வாரமே மாட்டுங்காவில் பல் செட் செய்யும் ஒரு லேபில் கிண்ணம் கழுவப் போனார். சில வருடங்களில் அவரே பல் செய்தார். தாதரிலிருந்து செம்பூர் வரை எத்தனையோ பெரியவர்கள் அண்ணன் செய்த பல்லால் முறுக்கு தின்றார்கள்.

நான் லாரி கிளீனராகப் போனேன். பிறகு தாபாவில் ரொட்டி சுட்டேன், குஜராத்தில் மீன்பிடிப் படகில் ஏறினேன். எங்கும் இரண்டு வருடம் தாண்டவில்லை. ஏன் வந்தாய், ஏன் போகிறாய் என்று அண்ணன் ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டு வைக்கச் சொல்வார், அவ்வளவுதான்.

லேபுக்கு வரும் ஒரு இளம் டாக்டர் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்திருந்தார். உள்ளே ரெசின் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மை விண்கப்பல், ஒட்டிச் சேர்க்க வேண்டிய நூற்றுக்கு மேல் துண்டுகளாக. அவருக்குப் பொறுமை இல்லை. "பல்லு செய்யிற கைக்குத்தான் இது" என்று அண்ணனிடம் தந்துவிட்டார். அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை. லேபில் தேய்ந்துபோன துரப்பண ஊசிகளும் மெழுகுக் கத்தியும்தான் அவருக்கு ஆயுதம். வளைந்த துண்டை வெந்நீரில் போட்டு நிமிர்த்துவார். "சாயா போடுற சட்டியில ராக்கெட்ட அவிக்கியளே!" என்று மைனி கத்துவார்கள். "எண்ணெ இல்லாத சமையல்தானே, உடம்புக்கு நல்லது" என்பார் அண்ணன். துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவாமல் பெயிண்ட் தொடமாட்டார். விரலில் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் ஒட்டாது. அதனால் யார் பக்கத்தில் போனாலும் ஒரே கேள்வி: "கை கழுவுனியால?"

நான் எந்த ஊரில் இருந்தாலும் போன் வரும். நலம் விசாரிக்க அல்ல.

"ஏல, லாரி சைலன்சர் பக்கத்துல கரி எப்படிப் படியும்? வட்டமாவா, நீளமாவா?"

"பின்னாடி இழுத்துக்கிட்டு நீளமாண்ணே. வானத்துல ஓடுற வண்டிக்கு எதுக்கு அழுக்கு?"

"ஓடுன வண்டின்னா அழுக்கு இருக்கும்ல. சுத்தமா இருந்தா அது ஷோரூம்ல நிக்குதுன்னு அர்த்தம்."

படகில் துரு எங்கிருந்து வழியும், தார்பாலின் எங்கே வெளுக்கும், எல்லாம் கேட்பார். நான் அலைந்த அலைச்சலுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மதிப்புக் கொடுத்தார்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபோது நான் வந்து சேர்ந்தேன். வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் ஒரு பெரிய கப்பல் கட்டிக்கொண்டிருந்தார். "இத முடிச்சிட்டா போதும்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். எதையும் முடித்துப் பழக்கமில்லாத நான்தான் அவருக்கு உதவி.

ஒரு காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரம். வீட்டு மூலையில் இருக்கும் மோரித் தொட்டியில் பாத்திரம் கழுவ இடம் வேண்டுமே என்று, ஒரு டப்பாவில் இருந்த சோப்புத் தண்ணீரை வெளியே கட்டர் சாக்கடையில் கொட்டினேன். அதில்தான் சின்னத் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. நாங்கள் மௌசி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாள் மாவுச் சல்லடையோடு ஓடி வந்தாள்.

"சோனா கிரா க்யா? தங்கமா?"

"அதுக்கும் மேல, மௌசி" என்றார் வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணன். "டிரைவர் போயிட்டான்."

சல்லடையில் மற்ற எல்லாம் கிடைத்தன. கப்பலை ஓட்ட உட்காரவைக்கும் நகத்தளவு விமானிப் பொம்மை மட்டும் கிடைக்கவில்லை. எனக்கு முகத்தைக் காட்டவே கூச்சமாக இருந்தது. அண்ணன் திட்டவில்லை. பல் செட்டுக்கு ஊற்றும் ஈறு நிற அக்ரிலிக் கொண்டுவரச் சொன்னார். நாளுக்குக் கால் மணி நேரம்தான் கை நிற்கும். பதினொரு நாள் செதுக்கினார். தொப்பை, மீசை, சற்றே முன்வழுக்கை. லென்ஸ் வைத்துப் பார்த்த மைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது நான்.

"தொலைச்சவன் நீதானல. நீயே ஓட்டு."

கிளீனராகவே காலம் தள்ளியவனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தவர் அவர் ஒருவர்தான்.

கப்பல் முழுக்க வெள்ளை அடித்து முடித்த வாரம் அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே என் கையைப் பிடித்து, "அழுக்கு உன் வேல" என்றார். திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பையைத் தூக்கினேன். மைனி தடுக்கவில்லை. கப்பல் மேல் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் போர்த்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு என்னால் படி இறங்க முடியவில்லை. பையைப் பரணில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். புகைக்குழலுக்குப் பின்னால் கரியை நீளமாக இழுத்தேன். மடிப்புகளில் துரு வழியவிட்டேன். லாரியில் ஏறும்போது டிரைவர் எப்போதும் ஒரே இடத்தைத்தான் பிடிப்பார். அங்கே பெயிண்ட் போய் இரும்பு தெரியும். கப்பலின் கதவுக்குப் பக்கத்தில் அப்படி அந்தக் குட்டி டிரைவரின் கை அளவுக்குத் தேய்த்தேன். அழுக்கு வேலைக்கு மட்டும் ஆறு மாதம் ஆயிற்று. போன வாரம் டிரைவர் சீட்டுக்கு மேலே கண்ணாடி மூடியை ஒட்டினேன். முடிந்தது.

அண்ணன் வேலைக்கு வராத மாதங்களிலும் அவருடைய நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடாத லேப் முதலாளி, டயாலிசிஸ் நாட்களில் வாசலுக்கே வண்டி கொண்டுவந்த எங்கள் சந்து ஆட்டோக்காரர், ஊசி போடும்போது அவரோடு ராக்கெட் கதை பேசிய நர்ஸ் அம்மா, சல்லடையோடு கட்டரில் இறங்கிய மௌசி, இவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

நினைவு நாளன்று அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கப்பல் இருக்கும். எல்லோரும் தொட்டுப் பார்க்கலாம். இனிமேல் யாரும் கை கழுவ வேண்டியதில்லை.